விக்கிரவாண்டியில் நிற்காத கப்பல்

சியாட்டிலில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களை ஸ்பேஸ் நீடில் கோபுரம் காட்டக் கூட்டிப்போனால், அவர்கள் மேலே ஏறி நின்றுகொண்டு கீழே துறைமுகத்தைப் பார்ப்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு கப்பல் நின்றுகொண்டிருக்கும். "அது எங்க போகுது?" என்பார்கள். "அலாஸ்கா" என்று வாயைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது.

என் மாமனார் கேட்கவே தேவையில்லாமல் போனது. அவர் கும்பகோணத்திலிருந்து மார்ச்சில் வந்து இறங்கியபோதே, "மாப்பிள்ளை, உங்க ஊர்லேருந்து அலாஸ்காவுக்கு வண்டி போகுதாமே" என்றுதான் இறங்கினார். அவருக்குக் கப்பலும் வண்டிதான், விமானமும் வண்டிதான். சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எதுவானாலும் அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை மணிக்கு எடுப்பான், எங்கே நிற்பான்.

நான் கணினிக்காரன். ஆகவே எக்செல் தாள் போட்டேன். பதினான்கு பத்திகள். கப்பல் நிறுவனம், கப்பலின் வயது, எத்தனை பயணிகள், புறப்படும் ஊர், நிற்கும் ஊர்கள், எந்தப் பனியாறு, உள்ளறை விலை, பால்கனி விலை, சாப்பாடு, இப்படி. அதை டல்லாஸில் இருக்கும் மச்சானுக்கும், ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்த அலுவலக நண்பர் ஒருவருக்கும் அனுப்பினேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மச்சான் பிரின்சஸ் கட்சி. நண்பர் ஹாலண்ட் அமெரிக்கா கட்சி. இரண்டும் கப்பல் நிறுவனங்கள். ஒரு வாரம் வாட்ஸப்பில் அடித்துக்கொண்டார்கள். "அலாஸ்கான்னா பிரின்சஸ்தான் அத்தான், வேற பேச்சே இல்ல" என்று ஒருவர். "1873-ல் ஆரம்பித்த கம்பெனி சார், அவங்களுக்குத் தெரியாத கடலா" என்று மற்றவர். நடுவில் என் பத்து வயது மகன் புகுந்தான். நார்வீஜியன் பிளிஸ் கப்பலின் மேல்தளத்தில் கோ-கார்ட் பாதை இருக்கிறது, ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் பம்பர் கார் இருக்கிறது, காற்றில் மிதக்கவைக்கும் குழாய் இருக்கிறது, ஆட்களைக் கண்ணாடிக் கூண்டில் ஏற்றி வானத்துக்குத் தூக்கிக் காட்டும் இயந்திரக் கை இருக்கிறது. "பனிப்பாறை பார்க்கப் போறோமா, பம்பர் கார் ஓட்டப் போறோமா?" என்று கேட்டேன். "பனிப்பாறைய பார்த்துக்கிட்டே பம்பர் கார் ஓட்டலாம்" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

எட்டாவது நாள் மாமனார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று தாளைப் பார்த்தார். பதினான்கு பத்தியையும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "முதலாளி யாருன்னு போடலியே" என்றார்.

"கம்பெனி பேர்தான் முதல்லயே இருக்கே மாமா."

"அது போர்டுல எழுதுற பேரு. சேரன், சோழன், பாண்டியன்னு ஊருக்கு ஒரு பேர் போட்டு ஓட்டினோம். முதலாளி கவர்மென்ட் ஒண்ணுதானே?"

தேடினேன். பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, கார்னிவல் மூன்றும் கார்னிவல் கார்ப்பரேஷன் என்ற ஒரே முதலாளியின் வண்டிகள். செலிபிரிட்டி, ராயல் கரீபியன் குழுமத்தின் பிள்ளை. நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜண்ட் மூன்றும் ஒரே வீடு. மச்சானும் நண்பரும் ஒரு வாரமாக ஒரே கல்லாப்பெட்டிக்கு இரண்டு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். விஷயத்தை வாட்ஸப்பில் போட்டேன். இரண்டு பேரும் கட்டைவிரல் படம் போட்டதோடு சரி.

அன்று முதல் மேஜை அவர் கைக்குப் போனது. மாமனார் என் பதினான்கு பத்திகளையும் ஒதுக்கிவிட்டு டிப்போ கணக்கில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

முதல் கேள்வி பனியாறு பற்றியது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் பெரிய கப்பல்கள் ஒரு நாளைக்கு இரண்டுதான் போகலாம் என்று நான் விளக்கத் தொடங்கியதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரூட் பர்மிட்! பர்மிட் யார் கைல இருக்கு?" பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, நார்வீஜியன் கப்பல்களின் பல பயணங்கள் உள்ளே போகின்றன, ராயல் கரீபியனும் செலிபிரிட்டியும் பெரும்பாலும் ஹப்பர்ட் பனியாறு அல்லது எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடல்நுழைவுப் பக்கம் திரும்பிவிடும். ஹப்பர்ட் ஒன்றும் மட்டமில்லை. ஆறு மைல் அகலமான முகம். உலகத்தில் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, இதுவோ முன்னால் வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். "இருக்கட்டும். பர்மிட் உள்ள வண்டியில ஏறுறதுதான் மரியாதை" என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது, பாதை. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும், கொஞ்சம் ஆடும். கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்புகிறவை தீவுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் போகும். "பைபாஸா, ஊருக்குள்ளயான்னு கேளுங்க, அவ்வளவுதானே" என்றார். வீட்டு வாசலில் துறைமுகம் இருக்கும்போது மூன்று மணி நேரம் கார் ஓட்டி எல்லை தாண்டுவானேன் என்று பைபாஸே முடிவானது.

அறை விஷயத்தில் என் மனைவி பத்து யூடியூப் காணொளிகள் பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரே வரியில் சொன்னார்: "சக்கரத்துக்கு மேல வேண்டாம், கடைசி சீட்டும் வேண்டாம்." அதாவது நடுக்கப்பல், கீழ்த்தளம். அங்கேதான் ஆட்டம் குறைவு. தினசரிச் சேவைக் கட்டணம் என்று ஆளுக்குப் பதினைந்து இருபது டாலர் தனியாகப் பிடிக்கிறார்களே என்று நான் புலம்பியபோது, "பேட்டா கொடுக்காம யார் ஓட்டுவா?" என்று ஊழியர் தரப்பில் சேர்ந்துகொண்டார். மதுப் பொதி, அதாவது மொத்தமாக முன்பணம் கட்டிக் குடிக்கும் திட்டம், அது மட்டும்தான் அவருக்குப் புரியவில்லை. பல நிறுவனங்களில் ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்று விதி. மாமியாருக்கும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்றேன். மாமியார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தப் பத்தியை நானே அழித்துவிட்டேன்.

மாமியாரின் கவலை தயிர். என்னை விட்டு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் போன் போடச் சொன்னார். இந்தியச் சைவச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். "தயிர்?" என்றால் "உண்டு" என்றார்கள். "சர்க்கரை போடாத தயிர்?" என்றால் அந்தப் பக்கம் காத்திருப்பு இசை. கையோடு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாம் என்ற அவரது திட்டமும் கவிழ்ந்தது. சூடாகும் சாதனம் எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், கெட்டில்கூட. பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் மட்டும் பெட்டியில் ஏறின.

எல்லாம் முடிந்து அட்டையை நீட்டும் நேரத்தில், போனில் இருந்த முகவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லோருக்கும் கனடா விசா இருக்கிறதல்லவா?"

நாங்கள் கனடாவுக்கா போகிறோம்? சியாட்டில் அமெரிக்கா. அலாஸ்கா அமெரிக்கா, 1867-லேயே ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியாகிவிட்டது. நடுவில் கனடா எங்கே வந்தது? திட்ட அட்டவணையின் கடைசி வரியில் வந்தது. ஏழாம் நாள், விக்டோரியா, இரவு 8 மணி முதல் நள்ளிரவு வரை.

காரணம் 1886-ல் போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலேயே சுற்றிக்கொண்டுவந்து இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்களெல்லாம் பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து என்று எங்கெங்கோ பதிவானவை. ஆகவே பிரின்சஸோ ராயல் கரீபியனோ, சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் கனடாவைத் தொட்டே தீர வேண்டும். 2021-ல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகங்களை மூடிவைத்திருந்தபோது, இதற்கென்று அமெரிக்க நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட்டு விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. பசுமை அட்டை இருப்பதால் எனக்கும் மனைவிக்கும் விசா வேண்டியதில்லை, மகன் அமெரிக்கக் குடிமகன். மாட்டிக்கொண்டது சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெரியவர்கள் இரண்டு பேரும்தான். கப்பலை விட்டு இறங்கவே மாட்டார்கள் என்றால்? அப்போதும் வேண்டும் என்றார் முகவர்.

மாமனாருக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதும் அவர் சிரித்தார்.

"விக்கிரவாண்டி!"

"என்ன மாமா?"

"கும்பகோணத்துலேருந்து மெட்ராஸ் போற வண்டி விக்கிரவாண்டி மோட்டல்ல நிக்காம போகுமா? யாருக்கும் பசிக்காது, யாரும் கேட்கவும் மாட்டாங்க. ஆனா நிக்கும். இவங்களுக்கு விக்டோரியா."

நிற்காமல் போகும் வண்டி இல்லையா என்று தேடினோம். இருக்கிறது. அன்க்ரூஸ் போன்ற நிறுவனங்களின் அமெரிக்கக் கொடிக் கப்பல்கள், நூறுக்கும் குறைவான பயணிகளோடு ஜூனோவில் ஏறி அலாஸ்காவுக்குள்ளேயே சுற்றுகின்றன. விலையைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மெதுவாக மூடினேன். அப்புறம் இன்னொன்று கிடைத்தது. அலாஸ்கா மாநில அரசே நடத்தும் படகுப் போக்குவரத்து. சியாட்டிலுக்கு வடக்கே பெல்லிங்ஹாமில் ஏறினால் கனடாவில் நிற்காமல் நேரே அலாஸ்காவின் கெட்சிகன்.

"கவர்மென்ட் வண்டியா?" மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இதுலயே போயிடலாம் மாப்பிள்ளை."

அறை எடுக்காதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்து, காற்றில் பறக்காமலிருக்க டேப் போட்டு ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள் என்ற தகவலை நான் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. "டென்ட்டா?" என்றார் மாமியார். ஒரே ஒரு சொல்தான். அரசு வண்டி ரத்து.

ஆக, கனடா விசா. விண்ணப்பத்தில் 'கனடாவில் என்ன செய்யப்போகிறீர்கள்' என்ற இடத்தில் 'இரவு நான்கு மணி நேரம் கப்பல் நிற்கும்' என்று எழுதினோம். மாமனாரின் பணி வரலாறு, சொத்து, வங்கிக் கணக்கு, எல்லாம் ஏற்றினோம். கைரேகை கொடுக்கப் போனால், நாற்பது வருடம் டிரிப் ஷீட் எழுதிய விரலில் ரேகையே விழமாட்டேன் என்றது. நாலு முறை துடைத்துத் துடைத்து வைத்தார்கள். பாஸ்போர்ட்டுகள் தபாலில் போய்த் திரும்பி வருவதற்குள் எனக்குத் தூக்கம் போனது. ஜூலை கடைசியில் முத்திரையோடு வந்தன. இடம் கிடைத்தது ஆகஸ்டில், பர்மிட் உள்ள ஒரு கப்பலில். பம்பர் காரும் இல்லை, கோ-கார்ட்டும் இல்லை. மகன் இரண்டு நாள் பேசவில்லை.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது வேறு பதிவு. கெட்சிகனில் மழை. வருடத்துக்கு 150 அங்குலம் பெய்யும் ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? சாலை வழியாக எங்கிருந்தும் வர முடியாத தலைநகரம் ஜூனோ என்றதும் மாமனார், "அப்ப டிப்போவே கிடையாதா?" என்று வருத்தப்பட்டார். சாப்பாட்டு அறையில் ஒரு கேரளத்துக்காரர் முதல் நாள் இரவே வந்து நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, மூன்றாம் நாள் மாமியார் முன் ஒரு கிண்ணம் வெறும் தயிரை வைத்தார். அந்த நிமிடத்தில் நான் மூன்று மாதம் பட்ட பாடெல்லாம் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

கிளேசியர் பேயில் பூங்காக் காவலர்கள் ஏறி வந்து ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். 1794-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்து பார்த்தபோது இந்த வளைகுடாவே ஏறக்குறைய முழுக்கப் பனியாக இருந்ததாம்; அதற்கப்புறம் பனி 60 மைலுக்கும் மேல் உள்வாங்கிவிட்டது. மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பியது. இடி இடித்த மாதிரி ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு துண்டு சரிந்து கடலில் விழுந்தது. தளம் முழுக்க மௌனம். என் மகன் வாயைத் திறந்தபடி நின்றான். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு பர்மிட் வண்டி பின்னாடி வந்துகிட்டிருக்கும். நாம இடத்தை விடணும்" என்றார்.

ஏழாம் நாள் இரவு விக்டோரியா வந்தது. மாகாணச் சட்டமன்றக் கட்டடம் ஆயிரக்கணக்கான பல்புகளோடு மின்னும் என்று படித்திருந்ததால் மாமியார் பட்டுப்புடவை கட்டித் தயாராக நின்றார். பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு மாமனாரின் அறைக்கதவைத் தட்டினேன். லுங்கியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"மாமா, விக்டோரியா வந்தாச்சு. கிளம்பலியா?"

"நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை. மோட்டல் ஸ்டாப்பிங்ல நான் எப்பவுமே இறங்கினதில்ல."

நான் அந்த விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கதவைச் சாத்தப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வரும்போது ஒரு டீ மட்டும் வாங்கிட்டு வாங்க."