கோவையில் சிறுநீரக மாற்று: ஒரு எழுத்தால் போன மூன்று வாரம்

தம்பியின் சிறுநீரக மாற்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கோயம்புத்தூர் வந்து நான்கு மாதமாகிறது. சிறுநீரகம் கொடுப்பவள் நான், அவனுடைய அக்கா. இரத்தப் பொருத்தம், திசுப் பொருத்தம், எனக்கான ஸ்கேன்கள் எல்லாம் சுருக்காக முடிந்தன. எங்களை அலைக்கழித்தது கடதாசிதான்.

பக்கத்துக் கட்டிலில் கோபிச்செட்டிபாளையத்து அண்ணர் ஒருவர். அவருக்கும் அக்காதான் கொடுத்தார். மருத்துவமனை மட்டத்திலேயே அனுமதி முடிந்துவிட்டது. ஆனால் இருவரில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால், கூடப்பிறந்தவர்களானாலும் இந்தியச் சட்டப்படி அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அதற்கு எங்கள் நாட்டுத் தூதரக அதிகாரி உறவை உறுதிப்படுத்தி 21ஆம் படிவத்தில் ஒப்பமிட வேண்டும்.

அங்கேதான் இடறியது. அப்பாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் எல். பல வருடம் கழித்து எடுத்த தம்பியின் கடவுச்சீட்டில் இசட் எச். எங்கள் பிறப்புப் பத்திரங்களை மொழிபெயர்த்தவர்களும் வேறு வேறு ஆட்கள். தமிழில் ஒரே அப்பா, ஆங்கிலத்தில் இரண்டு பேர்.

மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவில் முதல் நாளே இதைக் காட்டிக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா, தமிழ்ல ஒண்ணுதானுங்களே" என்றார் அங்கிருந்தவர். படிவத்தையும் அவரே நிரப்பித் தந்தார். நம்பி, தம்பியைத் தனியே விட்டுவிட்டு, சேரன் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து சென்னையிலுள்ள எங்கள் துணைத் தூதரகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இரண்டும் ஒரே தகப்பன் என்று எந்தக் கடதாசி சொல்லுது?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வந்து சொன்னபோது, "அவங்க இதக் கேப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க்கா" என்றார் அதே ஆள். வாரம் மூன்று தடவை, நான்கு நான்கு மணிநேரம் டயாலிசிஸில் கிடப்பவனுக்கு மூன்று வாரத் தாமதம் என்றால் இன்னும் ஒன்பது தடவை கையில் ஊசி ஏற்ற வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரிலிருந்த சித்தப்பாதான் காப்பாற்றினார். அம்மாவைக் கூட்டிப்போய், இரண்டு எழுத்தும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தார். இரண்டு பிறப்புப் பத்திரங்களையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் புதிதாக எழுதுவித்தார். அப்பா அம்மாவின் விவாகப் பத்திரத்தையும் சேர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி வாங்கி அனுப்பினார். இரண்டாம் பயணத்தில் அன்றைக்கே ஒப்பம் கிடைத்தது. ரயிலில் அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன், கண் மூடவில்லை. வரப்போகிறவர்கள் எல்லாப் பத்திரங்களிலும் பெற்றோர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சுற்றுலா விசாவில் வராதீர்கள், உறுப்பு மாற்றுக்கு மருத்துவ விசாதான் செல்லும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி முடிவுகளைப் புதிதாக எடுத்து வாருங்கள். அவை இல்லாமல் டயாலிசிஸ் இயந்திரத்தில் ஏற்ற மாட்டார்கள்.

வீடு பிடிப்பதும் லேசில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர்களின் விவரத்தைப் பதிய வேண்டும். அதைச் சொன்னதுமே இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். பீளமேட்டு அம்மா மட்டும், "அதுக்கென்ன கண்ணு, பையன் பாத்துக்குவான்" என்று அன்றைக்கே பதியவைத்தார். ஒருநாள் ஆசையாகப் பொள்ளாச்சி இளநீர் சீவி தம்பியிடம் நீட்டினார். பதறிப்போய்த் தட்டிப் பறித்தேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம், டயாலிசிஸ் செய்பவர்களின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. விஷயம் தெரிந்ததும் அவர் அழுதுவிட்டார். அதற்கப்புறம் எது கொண்டுவந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

போன கிழமை குழு முன்னால் போனோம். எல்லாம் வீடியோவில் பதிவானது. யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா, வற்புறுத்தினார்களா, ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வது பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அப்பாவின் பெயரையும் கேட்டார்கள். சத்தமாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை அனுமதி வந்தது. வருகிற புதன்கிழமை அறுவைச் சிகிச்சை.