மாதக் கடைசி நாள்

விற்பனைப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற முதல் வருடம். மாதக் கடைசி நாள், மாலை ஏழு மணி. டார்கெட்டுக்கு 4 சதவீதம் குறைந்தது. ஒரு பெரிய ஆர்டர் மூன்றாம் தேதிதான் கிளம்பும் நிலையில் இருந்தது. பில்லிங் பார்க்கும் இளைஞரிடம், “இன்னைக்குத் தேதியிலேயே பில் போட்டுடுங்க, சரக்கு அப்புறம் போகட்டும்” என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டார். மூன்று நாள் வித்தியாசம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் நான் வாயே திறக்கவில்லை. ஆறு பில்கள் அப்படிப் போயிருந்தன. அதற்கடுத்த மாதம், திரும்பி வந்த சரக்கின் தொகையை விற்பனையில் கழிக்கும் கிரெடிட் நோட் ஒன்று அவர் மேசை இழுப்பறையில் பத்து நாள் உறங்கியது. கேட்டதற்கு, “நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான் சார்” என்றார். கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது? வரவேற்பறைச் சுவரில் எங்கள் விழுமியங்கள் பித்தளை எழுத்தில் இருந்தன, ‘நேர்மை’தான் முதலில். அவர் அதைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டார்.

பின்னாளில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிச் செய்தியைப் படித்தபோது அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களுக்கு வேலை போயிருந்தது. இலக்கு வைத்த மேலிடத்தில் அதுவரை யாருக்கும் வேலை போகவில்லை.

ஜான்சன் அண்ட் ஜான்சன் கதை எல்லாருக்கும் தெரியும். 1982இல் அவர்களுடைய டைலனால் என்ற வலிநிவாரணிக் கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து, சிகாகோ பகுதியில் 7 பேர் இறந்தார்கள். 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. மேலாண்மை வகுப்புகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த கூட்டங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. 1943இல் எழுதிய கொள்கை அறிக்கை அங்கே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவராக இருந்த ஜேம்ஸ் பர்க், மேலாளர்களை உட்காரவைத்து, இதன்படி நடக்கப் போகிறோமா, இல்லை கழற்றிவிடலாமா என்று விவாதிக்கச் சொன்னார். விஷம் வந்த நாளில் அவர்கள் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த கிரெடிட் நோட்டுக்குப் பிறகு நானும் ஒரு கூட்டம் போட்டேன். முதலில் என் மாதக் கடைசிக் கதையைச் சொன்னேன், தொண்டை அடைத்தது. பில்லிங் இளைஞர்தான் கேட்டார்: “அப்போ டார்கெட் வரலைன்னா என்ன சார் செய்யறது?”

“குறைச்சலாவே அனுப்புங்க. மேலே நான் பேசிக்கறேன்.”

அந்த மாதம் 6 சதவீதம் குறைந்தது. மேலதிகாரியின் அறையில் கழிந்த இருபது நிமிடங்களை விவரிக்க விருப்பமில்லை. திரும்பி வந்தபோது என் மேசையில் இன்னும் இரண்டு பழைய கிரெடிட் நோட்டுகள் இருந்தன. அவை இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.