ரேண்டில் மூச்சு வாங்கும் செஸ்னா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வர்ஜீனியா விமான நிலையத்தில் செஸ்னா 172 சிறுவிமானம் நிறுத்தியிருக்கும் நம்மவர்கள், கோடையில் ஜோகன்னஸ்பர்க் கல்யாணத்துக்குப் பறக்குமுன் ஒரு கணக்குப் போட்டே ஆகவேண்டும். வர்ஜீனியா கடலை ஒட்டியது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனிலுள்ள ரேண்ட் விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,500 அடி. ஐசா என்ற சர்வதேசத் தர வளிமண்டலக் கணக்குப்படி அங்கே 4 டிகிரி இருக்கவேண்டும். மதியம் 30 என்றால் 26 டிகிரி அதிகம். சூடேறினால் காற்று மெலியும்; அதிகமான ஒவ்வொரு டிகிரிக்கும் உயரத்தோடு 120 அடி கூட்டுங்கள். காற்றழுத்தம் இயல்பாக இருந்தாலும் இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது 8,600 அடி உயரத்துக் காற்று!

திரும்பக் கிளம்பும்போதுதான் ஆபத்து. டர்பன் பழக்கத்தில் பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு ஓடாதீர்கள். காற்று மெலிந்திருக்க, பெட்ரோல் அதே அளவில் போகும். இன்ஜின் கரகரக்கும், பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, திராட்டிலை (இன்ஜின் விசைக் கட்டுப்பாடு) முழுதாகக் கொடுத்து, குமிழை மெல்ல மெல்ல வெளியே இழுங்கள். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறி, உச்சம் தொட்டு, சரியத் தொடங்கும். அந்த இடத்திலிருந்து சற்றே உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

மூக்கைத் தூக்கவேண்டிய வேகம் வேகமானி முள்ளில் மாறாது. தரையில் ஓடும் வேகம்தான் கூடும், ஓடுபாதை மளமளவென்று தீரும். பயந்துபோய் முன்கூட்டியே மூக்கைத் தூக்கிவிடாதீர்கள். நாலு பேர், முழு டாங்க், சீர்வரிசைப் பெட்டி மூன்றும் ஒன்றாக வேண்டாம். விடியற்காலைக் குளிரில் கிளம்புவதே நல்லது. மதியத்துக்குமேல் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் இடிமேகமும் திரளும்.