பெயர்ப்பலகையும் ஜீரோவும்: வண்ணாரப்பேட்டை நாட்குறிப்பு

2025 ஜூன் 6

தெருமுனை கேரம் கிளப்புக்குப் பெயர்ப்பலகையை சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் இயந்திரம்) செதுக்கும் வேலை தொடங்கியாச்சு. தேக்குப் பலகை, 60 டிகிரி வி-பிட் (V வடிவக் கூர்முனை வெட்டுக்கருவி), தமிழ் எழுத்து. இன்று பலகையைப் பெட்டில், அதாவது இயந்திரத்தின் மேசையில், இறுக்கிக் கட்டியதோடு சரி.

புதிதாக சிஎன்சி ரவுட்டர் வாங்கியவர்களுக்காக: இதில் ஜீரோ, அதாவது அளவுகள் தொடங்கும் இடம், இரண்டு உண்டு. ஓட்டத்தின் ஓரத்தில் உள்ள லிமிட் சுவிட்சைத் தட்டி இயந்திரம் தானே கண்டுகொள்வது ஒன்று. பலகையின் மேல் நாம் காட்டிக்கொடுப்பது இன்னொன்று. டிசைனில் எந்த மூலையை 0,0 என்று வைத்தோமோ, பலகையிலும் அதே மூலையைக் காட்ட வேண்டும்.

ஜூன் 7

எக்ஸ், ஒய் (நீள, அகலத் திசைகளின் ஜீரோ) முடிந்தது. பென்சில் குறிக்கு நேராகப் பிட் முனையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஓரம் தாராளமாக விட்ட பலகைக்கு இதுவே போதும்.

ஜூன் 8

இசட், அதாவது உயரத்தின் ஜீரோதான் உயிர். வி-பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. 60 டிகிரிக்கு 0.1 மி.மீ. ஆழம் கூடினால் கோடு ஏறக்குறைய 0.115 மி.மீ. தடிக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் 'ண'வின் சுழிகள் அடைத்துப்போகும், புள்ளி பள்ளமாகிவிடும்.

அதனால் ஜீரோ வைக்குமுன் பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் உயரம் பார்த்தேன். நடு மேடு. கடல் பக்கத்துக் காற்றில் மரம் வளையத்தான் செய்யும். மூலையில் வைத்த ஜீரோ நடுவில் பொய்யாகிவிடும். தட்டை பிட் போட்டு மேற்பரப்பு முழுவதையும் சீவி எடுத்தேன். தூசி வீடெங்கும்.

அப்புறம் வி-பிட்டை மாட்டினேன். பிட் மாறினால் எக்ஸ், ஒய் அப்படியே இருக்கும். இசட்டை மட்டும் புதிதாக வைக்க வேண்டும். பிட்டில் கிளிப்பை மாட்டி, தொடுதகட்டை (கனம் தெரிந்த உலோகத் தகடு) பலகைமேல் வைத்து, ஜி38.2 கட்டளை கொடுத்தால் பிட் மெல்ல இறங்கித் தகட்டைத் தொட்டதும் நின்றுவிடும். அந்த இடத்துக்குத் தகட்டின் கனத்தை இசட் அளவாகக் கொடுக்க வேண்டும். விற்றவர் சொன்ன கனத்தை நம்பாமல் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். தகடு இல்லாதவர்கள் தாளை வைத்துப் பார்க்கலாம். சாதாரணத் தாள் சுமார் 0.1 மி.மீ.

ஜூன் 9

பாதி எழுத்தில் கரண்ட் போனது. கிளப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணா, பலகை வீணாப்போச்சா?" என்றான். போகவில்லை. ஜிஆர்பிஎல்லில் (இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள்) ஜி92 கட்டளை கொடுத்து வைத்த ஜீரோ ரீசெட் ஆனால் அழிந்துவிடும். ஜி10 எல்20 கொடுத்து ஜி54 என்ற நினைவிடத்தில் பதிந்தது கரண்ட் போனாலும் தங்கும். கரண்ட் வந்ததும் ஹோமிங் செய்து (லிமிட் சுவிட்சைத் தட்டி இயந்திர ஜீரோவை மறுபடி கண்டுகொள்ள வைத்து), செதுக்கும் கோப்பின் முதல் வரியிலிருந்தே ஓட்டினேன். பிட் தன் பழைய பள்ளத்திலேயே பிசகாமல் போனதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். லிமிட் சுவிட்ச் இல்லாத இயந்திரத்தில் இது நடக்காது, வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஜூன் 10

பலகை கிளப்புக்குப் போய்விட்டது. அடுத்து 6 மி.மீ. பிளைவுட்டில் எழுத்துகளை அறுத்தெடுக்க வேண்டும். பிளைவுட்டின் கனம் சொன்னபடி இருப்பதில்லை, அதனால் இசட் ஜீரோவை இந்த முறை பெட்டின் மேல்தான் வைக்கப்போகிறேன்.