கழித்தல் குறி ஏற்காத கட்டம்

கீபோர்டில் கழித்தல் குறி வேலை செய்கிறதா என்று அன்றைக்கு மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். நோட்பேடில் விழுகிறது. கால்குலேட்டரில் விழுகிறது. அரசு உதவித்தொகைப் படிவத்தில் 'சென்ற மாத வருமானம்' என்ற கட்டத்தில் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. சென்ற மாதம் எனக்கு நஷ்டம். ஒரு புத்தகத்துக்கு அட்டை அச்சடிக்கக் கைக்காசைப் போட்டிருந்தேன், கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. படிவத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு மாதம் யாருக்கும் வராது போல. 0 என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

என் தொழில் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது, அட்டை செய்வது. வீட்டிலேயே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் அலுவலகம். சில சமயம் முழு வேலையாக எடுத்துக்கொள்வேன். அதாவது அச்சடித்து, பைண்டிங் முடித்து, கட்டாகக் கட்டிக் கையில் கொடுப்பது வரை. அப்படிப்பட்ட வேலையில் பணம் மொத்தமாக என் கணக்குக்கு வரும். காகிதக்காரருக்கும் பிளேட்டுக்கும் அச்சகத்துக்கும் பைண்டருக்கும் மொத்தமாகப் போகும். 100 வந்தால் 15 நின்றால் நல்ல வேலை என்று சொல்லிக்கொள்வேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு சிறப்பு மலர் வேலை வந்தது. 40 ஃபார்மா, அதாவது 640 பக்கம். எட்டு மாசம் தூக்கத்தைக் கெடுத்த வேலை. பணம் ஒரே நாளில் வந்தது. காலையில் போனில் குறுஞ்செய்தி வந்தபோது அந்தத் தொகையைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் பெரிய மனுஷியாகிவிட்டேன். சாயங்காலத்துக்குள் நான்கு பேருக்கு அனுப்பி முடித்து, பழைய ஆளாகிவிட்டேன். அந்த ஒரு நாள்தான் இந்தக் கதையின் வில்லன்.

போன வருஷம் வேலை வறண்டது. சுயதொழில் செய்பவர்களுக்கான வருமான உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சிக்கல், தொழில் என்ன என்று கேட்ட பட்டியல். அச்சுத் தொழிலாளர் இருக்கிறது, ஓவியர் இருக்கிறது, கணினி இயக்குநர் இருக்கிறது. நான் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அப்போது தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் டோகோ நாட்டில் 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், நோவிசி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வாக்காளர் பதிவில் இருந்த தொழிலை வைத்தே முறைசாராத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு, தகுதி இருந்தால் போனுக்கே பணம் அனுப்பினார்கள். பெண்களுக்கு மாதம் 12,250 பிராங்க், ஆண்களுக்கு 10,500. சாதாரண போனே போதும், வரிசையில் நிற்க வேண்டாம். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போடுவதற்காகப் பதிந்தபோது வாயில் வந்த தொழில், பின்னால் சோறு போடுமா போடாதா என்பதை முடிவு செய்யும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்கவில்லை, பதில் வந்துவிட்டது. 'தகுதி இல்லை. அறிவித்த வருமானம் பதிவுகளுடன் பொருந்தவில்லை.' கீழே பொடி எழுத்தில், முடிவு தானியங்கி முறையில் எடுக்கப்பட்டது என்று இருந்தது.

அக்கா கணக்குப் பார்ப்பதில் கெட்டி. என் வங்கிக் கணக்குத் தாள்களைப் பரப்பிவைத்து, கணினி இப்படித்தான் போட்டிருக்கும் என்று பென்சிலால் 24 மாத வரவையும் கூட்டினாள். மலருக்கு வந்த தொகையும் அதில் அடக்கம். 24ஆல் வகுத்தாள். பேப்பரை என் பக்கம் திருப்பினாள்.

"ஏண்டி, இதன்படி பார்த்தா மாசாமாசம் நீ என்னைவிட அதிகம் சம்பாதிக்கிற. எனக்குத்தான் நீ கடன் கொடுக்கணும்."

சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேப்பரில் இருந்தவள் மாதம் பிறந்தால் ஒரே தொகை வாங்குகிறவள். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

சராசரி எடுத்து ஆளை எடைபோடும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று தேடியபோதுதான் ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' என்ற தானியங்கிக் கடன் வசூல் கதையை முழுசாகப் படித்தேன். வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26ஆல் வகுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் கிடைத்தது. உதவித்தொகை வாங்கியவர் அந்தந்த இரண்டு வாரத்துக்குத் தானே சொல்லியிருந்த தொகையோடு அதை ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இருந்தால், 'நீங்கள் அரசுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்' என்று கடிதம். நாலு மாசம் வேலை பார்த்து எட்டு மாசம் சும்மா இருந்தவர், சும்மா இருந்த மாசத்திலும் சம்பாதித்ததாகக் கணக்கு. கடன் இல்லை என்று நிரூபிப்பது அவர் தலையில். சில வருஷம் முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்றால் எங்கே போவது? 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசே இறங்கிவந்தது. அடுத்த மே மாதம் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் கடன்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள், தொகை 72 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, இது கொடூரமானது, நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்று சொன்னது. நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்குக்கு இவ்வளவு பெரிய பெயர் வாங்கித் தந்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு வந்தது அவ்வளவு மோசமில்லை. யாரும் என்னிடம் கடன் கேட்கவில்லை, இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

சராசரி ஒரு பக்கம். வந்ததா, நின்றதா என்ற குழப்பம் இன்னொரு பக்கம். கனடாவில் 2020இல் கொடுத்த அவசர உதவிக்கு, முந்தைய வருஷம் குறைந்தது 5,000 டாலர் வருமானம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுயதொழில்காரர்கள் பலர் மொத்த வரவை நினைத்துக்கொண்டு விண்ணப்பித்து வாங்கிவிட்டார்கள். செலவு போக நிற்பதுதான் கணக்கு என்ற விளக்கம் பிறகு வந்தது. அந்த ஆண்டு இறுதியில், உங்கள் தகுதியை உறுதிசெய்ய முடியவில்லை என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் போனது. 2021 பிப்ரவரியில், மொத்த வரவை நம்பி விண்ணப்பித்த சுயதொழில்காரர்கள் மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால் திருப்பித் தர வேண்டாம் என்று அரசு அறிவித்தது. அங்கே செலவு போக நின்றதைப் பார்த்ததால் வம்பு. எனக்கு மொத்தம் பார்த்ததால் வம்பு. 'வருமானம்' என்ற ஒரே சொல்லை வைத்து எத்தனை வீட்டில் அடுப்பணைக்கலாம் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இயந்திரத்தைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். முழு மனசோடு முடியவில்லை. பல வருஷம் முன்பு வேறொரு உதவிக்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏழு மாசம் நடந்தவள் நான். ஒரு மேஜையில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே 'நாளைக்கு வாங்க' என்பார். அதுவும் தானியங்கிதான், மின்சாரம் மட்டும் தேவைப்படாது. பிரிட்டனில் 2020 மே மாதம் சுயதொழில்காரர்களுக்குப் பணம் கொடுத்தபோது, கையில் இருந்த பழைய வரிக் கணக்குகளை வைத்து யாருக்கு எவ்வளவு என்று கணினியே கணக்குப் போட்டது. லாபத்தின் மூன்று வருஷச் சராசரியில் 80 சதவீதம், 3 மாதத்துக்கு, அதிகபட்சம் 7,500 பவுண்டு. கேட்ட ஆறு வேலை நாளில் கணக்கில் பணம். பூட்டிக் கிடந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. அதே நேரம், அந்த மூன்று வருஷத்துக்குள் பிள்ளை பெற்று வேலையை நிறுத்தியிருந்த பெண்களுக்குச் சராசரி இறங்கி, உதவியும் இறங்கியது. வழக்குப் போனது. பாதிப்பு பாரபட்சம்தான், ஆனால் அவசரத்தில் எளிய முறை தேவைப்பட்டதால் அது ஏற்கத்தக்கது என்று 2021 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பை நான் பல தடவை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். முதல் மாசத்துக்கு அந்த நியாயம் பொருந்தும். ஆறாவது மாசத்துக்கும் அதையே சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

பணம் கொடு என்ற முடிவைக் கணினி எடுக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. கொடுக்காதே என்று வரும்போது ஒரு ஆள் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் பேசுகிறது. கணினி மட்டுமே எடுத்த பெரிய முடிவுக்குக் கட்டுப்படாமல் இருக்கும் உரிமை அது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன, அங்கேதான் வக்கீல்களுக்குப் பிழைப்பு.

ஆள் பார்த்தார் என்று எழுதிவிட்டால் போதாது என்பதையும் அனுபவித்தேன். முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தபோது மணி விடிகாலை 2:14. 'தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது' என்று தொடங்கி, பழைய கடிதத்தின் அதே வரி, ஒரு புள்ளி மாறாமல். அந்த நேரத்தில் எந்த அதிகாரி கண்விழித்து என் பைண்டிங் ரசீதைக் கவனமாகப் பார்த்திருப்பார்?

இரண்டாவது தடவை அக்கா சொன்னபடி செய்தேன். மலருக்கு வந்த பணம், அன்றைக்கே போன நான்கு தொகைகள், நான்கு ரசீது, எல்லாம் ஒரே பக்கத்தில். 2 எம்பிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் ரசீதுகளைச் சுருக்கிச் சுருக்கி, பைண்டரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிட்டது. அனுப்பி மூன்றாவது வாரம் ஒரு போன். பெண் குரல், கொஞ்சம் சளி பிடித்திருந்தது.

"மேடம், அந்த மார்ச் மாசப் பெரிய தொகை இருக்கே, அதுல உங்க கையில நின்னது எவ்வளவு?"

சொன்னேன்.

"ரசீது படிக்க முடியல. காகிதக் கடைக்கு எவ்வளவு போச்சு?"

அதையும் சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. மொத்தப் படிவத்திலும், 11 பக்கத்தில், எங்கேயும் அந்த முதல் கேள்வி இல்லை. உதவி கிடைத்தது, விட்டுப்போன மாசங்களையும் சேர்த்து.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அடுத்தது இந்த மாசம் 20ஆம் தேதி. கட்டம் அப்படியேதான் இருக்கிறது, நேற்றுகூடக் கழித்தல் குறியைத் தட்டிப் பார்த்தேன். கணக்கு நோட்டில் இதுவரை வந்தது, போனது, நின்றது என்று மூன்று பத்திதான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'படிவத்துக்கு' என்று எழுதியிருக்கிறேன்.