பதாகையில் இல்லாத பிள்ளைகள்

தரம் 11 பிள்ளைகள் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை (சா/த) முடிவு வந்த கிழமை திருகோணமலையில் பாடசாலை மதில்களில் ஒன்பது பாடத்திலும் ஏ (9 ஏ) எடுத்த பிள்ளைகளின் படங்களோடு பதாகை கட்டுவார்கள். பதாகை கட்ட வழியில்லாத பாடசாலையின் ஆசிரியர்களுக்கு முகநூலில் ஏச்சு விழும். அந்தப் பாடசாலை ஒழுங்காகப் படிப்பிக்கிறதா என்பதை இந்த இரண்டை வைத்தும் அறிய முடியாது.

முதலில் கணிதத்தில் எத்தனை டபிள்யூ, அதாவது சித்தியில்லை, என்று எண்ணுங்கள். உயர்தரம் போக தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். 3 பாடங்களிலாவது சி வேண்டும். 35 புள்ளிக்கு எஸ் (சாதாரண சித்தி), 50க்கு சி, 75க்கு ஏ. 70 எடுக்கக்கூடிய பிள்ளையை 76க்குக் கொண்டுபோனால் பதாகையில் இன்னொரு ஏ கூடும். 30இல் நிற்கும் பிள்ளையை 36க்குக் கொண்டுவந்தால் அந்தப் பிள்ளைக்கு உயர்தரத்தின் கதவு திறக்கலாம். இந்த இரண்டாவது வேலைதான் கடினம். அதைச் செய்த ஆசிரியரின் பெயர் வெளியே வருவதேயில்லை.

அடுத்தது, எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது. 40 பேர் தோற்றி 26 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றால் 65 வீதம் என்பார்கள். அதே தொகுதியில் தரம் 6க்கு 52 பேர் சேர்ந்திருந்தால்? விடுகைப் பத்திரம் வாங்கி வேறு பாடசாலைக்குப் போன 4 பேரைக் கழித்தால் 48. அப்போது வீதம் 54தான். மிச்ச 8 பிள்ளைகள் எங்கே என்று வரவு இடாப்பைப் பார்த்துக் கேட்க வேண்டும். கடலுக்கோ கடைக்கோ வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பொறுப்பை ஆசிரியரின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் பலர் தரம் 6இலேயே நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளியிலோ தரம் 11 வரை மட்டும் உள்ள ஒரு பாடசாலையை அவற்றோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அதே பாடசாலையின் கடந்த மூன்று வருட முடிவுகளோடு ஒப்பிடுங்கள்.

நேரசூசியையும் கேட்டுப் பாருங்கள். கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போய், பதிலாள் வர 12 கிழமை ஆனது என்று வைப்போம். வாரத்துக்கு 40 நிமிடப் பாடவேளை 5 என்றால், பிள்ளை 40 மணித்தியாலப் படிப்பை இழக்கிறது. இதற்கு வகுப்பில் நிற்கும் ஆசிரியரை ஏசி என்ன பயன்? வலயக் கல்வி அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆசிரியரைக் கேட்க வேண்டிய இடமும் உண்டு. வகுப்பில் அலகை அரைகுறையாக விட்டு, அதையே மாலையில் தன் ரியூசனில் காசுக்கு முடிப்பது மன்னிக்க முடியாத தவறு. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளையின் கொப்பி போதும். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை பாடவேளை என்று இருக்கும். கொப்பியிலுள்ள திகதிகளை அதோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாத பக்கங்களையும் எண்ணுங்கள்.

அதை எழுத்தில், திகதிகளோடு, முதலில் வகுப்பாசிரியரிடமும் பிறகு அதிபரிடமும் கொடுங்கள். சரிவராவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். "படிப்பிக்கிறாங்க இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. "முக்கோணங்கள் அலகில் 3 பாடவேளை நடக்கவில்லை" என்றால் அந்தக் கூட்டத்திலேயே பதில் கேட்கலாம்.