கம்பில் அடிச்சாம்பல்: மருந்துக்கு முன்னால் ரகம்

ஆடிப்பட்டத்தில் கம்பு விதைத்த கொல்லை இருபது நாளில் வெளுக்க ஆரம்பித்தால், வேலூர்ப் பக்கம் உடனே வரும் பதில் "சத்து பத்தல". யூரியா போடுவார்கள், இல்லையென்றால் இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பைக் கரைத்து அடிப்பார்கள். அதற்கு முன்னால், விடிந்ததும் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். அடிச்சாம்பல் என்ற பூசண நோயில் வெளுப்பு இலை தண்டோடு சேரும் இடத்தில் தொடங்கி நுனி நோக்கி ஏறும். வெளுத்த இடத்துக்கு நேர் கீழே வெள்ளையாகப் பூசணம் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் அது காய்ந்துவிடும். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "நோய் இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தப்பிய செடி கதிர் விடும்போது மணிக்குப் பதில் பச்சை இலைகளாகச் சுருண்டு நிற்கும். அந்தப் பச்சைக் கதிரும் காய்ந்த இலையும் உதிர்ந்தால் உள்ளே இருக்கும் வித்துகள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அடுத்த பட்டத்தில் முளைக்கும் கம்பை வேர் வழியாகப் பிடிப்பது அவைதான். பிறகு ஈரமான இரவுகளில், 20 முதல் 25 டிகிரி குளிர்ச்சியில், பூசணம் இலையிலிருந்து இலைக்குக் காற்றில் பரவும். சாயங்கால மழை பெய்யும் ஜூலை, ஆகஸ்ட் இதற்கு ரொம்பத் தோது.

ரகத்துக்கு வருவோம். 1965-இல் எச்பி 1 வந்ததிலிருந்து வீரிய ஒட்டுக் கம்பு வேகமாகப் பரவியது. அந்த வரிசையின் பெண் பெற்றோர் டிஃப்ட் 23ஏ, இந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்காதது. 1970-களில் எச்பி 3 பல மாநிலங்களில் படுத்துவிட்டது. காரணம் எளிது: ஒட்டு ரகத்தில் எல்லாச் செடியும் ஒரே வார்ப்பு. ஒரு செடியை வெல்லும் பூசணம் கொல்லையையே வெல்லும். கலப்பு ரகத்தில் செடிக்குச் செடி மாறும். சில விழுந்தாலும் மீதி நிற்கும். 1982-இல் வெளிவந்த டபிள்யூசி-சி75 என்ற கலப்பு ரகம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"எதிர்ப்பு ரகம்" என்று பையில் போட்டிருப்பது இன்றைய பூசணத்துக்குத்தான், நாளைக்கு அல்ல. ஒரே ஒட்டு ரகத்தை அதே கொல்லையில் வருஷா வருஷம் விதைக்காதீர்கள். மானாவாரிக்கு கோ 10 மாதிரி கலப்பு ரகம் போதும். விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்திலோ அத்தியந்தல் சிறுதானிய மையத்திலோ, அந்தப் பட்டத்தில் எது தாங்குகிறது என்று கேட்டுவிட்டு விதை வாங்குங்கள்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை. கிலோவுக்கு 6 கிராம் மெட்டலாக்சில் 35 என்ற பூசண மருந்தைக் கலந்து குலுக்க வேண்டும், அதாவது மொத்தம் 12 கிராம். இந்தப் பாதுகாப்பு மூன்று வாரம் போல நிற்கும். பின்னால் வரும் தூர்களுக்கு உதவாது. அதனால் 45 நாள் வரை நோய்ச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், எருக்குழியில் போடவே கூடாது. நோய் கூடினால் மெட்டலாக்சில், மேங்கோசெப் சேர்ந்த மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடிக்கலாம். இறவையில் 15 முதல் 18 நாள் நாற்றை நட்டால், வெளுத்ததை நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம்.

மருந்து கலந்த விதை மீந்தால் கோழிக்குப் போடாதீர்கள்.